நெல் அறுவடை மெஷின் வாடகைத் தொழில்: வண்டி வாங்கும் முன்பிருந்து இரண்டாம் வருடம் வரை

நெல் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, வருடத்துக்கு உங்கள் ஹவர் மீட்டர் (இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் கருவி) எத்தனை மணி ஓடும் என்பது. ஒரு ஊரின் அறுவடை இருபது, இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். கடன் தவணை வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள மாதங்களில் வண்டி எந்த ஊரில் நிற்கும், யார் வயலில் இறங்கும் என்று தெரியாமல் முன்பணம் கட்டியவர்களின் வண்டிதான் இரண்டாம் வருடமே விற்பனைக்கு வருகிறது.

கீழே சொல்வது தமிழ்நாட்டு நெல் சாகுபடியை, அதிலும் காவிரி டெல்டாவை மையமாக வைத்தது. தொகைகள் ஒரு மட்டத்துக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் காலண்டர்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதிக்கொண்டு, அறுவடை எங்கே எப்போது வருகிறது என்று நிரப்புங்கள்.

டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால், குறுவை செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முழுக்க அறுப்புக்கு வரும். சம்பா ஜனவரி, பிப்ரவரி. தாளடி பிப்ரவரி கடைசியில் இருந்து மார்ச் வரை. இந்த மூன்றும்தான் டெல்டா வண்டிக்காரர்களுக்கு அடிப்படைச் சோறு. நடுவில் வரும் நவம்பர், டிசம்பரில் இங்கே வேலை கிடையாது. அப்போது தெலங்கானா, ஆந்திரா, கர்நாடகத்தில் துங்கபத்ரா பாசனப் பகுதியான கங்காவதி, சிந்தனூர் பக்கம் அறுவடை நடக்கும். அதே ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று உண்டு. பாலக்காட்டில் இரண்டாம் போகம் பிப்ரவரி, மார்ச். குட்டநாட்டில் 'புஞ்ச' எனப்படும் போகத்தின் அறுப்பு மார்ச், ஏப்ரல். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் நவரை ஏப்ரலை ஒட்டி வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் சொர்ணவாரியும், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கார் நெல்லும் இருக்கின்றன.

எழுதி முடித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, சில பருவங்கள் மோதிக்கொள்ளும். பாலக்காட்டு முதல் போகமும் டெல்டா குறுவையும் ஒரே சமயம். தாளடியும் பாலக்காட்டு இரண்டாம் போகமும் ஒரே சமயம். இரண்டு இடத்திலும் பேசி வைத்துவிட்டு ஒரு இடத்துக்குப் போகாமல் விட்டால், அந்த ஊர் அடுத்த வருடம் கிடையாது. இன்னொன்று, ஜூன், ஜூலையில் எங்கேயும் பெரிதாக வேலை இல்லை. அது பட்டறைக்கான காலம்.

முதல் வருடமே எல்லா மாநிலத்துக்கும் வண்டியை அனுப்ப ஆசைப்படாதீர்கள். சொந்த ஊர், கூடவே வெளியூர் ஒன்று போதும். சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் மெஷின் வைத்திருப்பவர்கள் நிறைய. மாதக்கணக்கில் வெளியூரிலேயே வண்டியை வைத்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். அப்படி ஒருவரோடு சேர்ந்து முதல் தடவை வெளியூர் போவது நல்லது. லாரி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வண்டி சிக்கினால் இழுக்க இன்னொரு வண்டி பக்கத்தில் இருக்கும்.

உங்கள் ஊரில் இடம் இருக்கிறதா

பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை மெஷின் என்று விசாரியுங்கள். உதாரணமாக 3,000 ஏக்கர், அறுப்புக் காலம் 25 நாள், ஏற்கெனவே வருகிற வண்டி 10 என்று வையுங்கள். ஒரு வண்டி நாளைக்கு 8 ஏக்கர் அறுத்தால் பத்து வண்டியும் சேர்ந்து 2,000 ஏக்கர் முடிக்கும். மீதி 1,000 ஏக்கருக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கு தலைகீழாக வந்தால், அதாவது வண்டி அதிகமாகவும் நிலம் குறைவாகவும் இருந்தால், உள்ளூரில் வாடகையைக் குறைத்து ஓட்ட வேண்டிவரும். வண்டிக்காரர்கள் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சீசன் நேரத்தில் அரை நாள் உட்கார்ந்தால், எந்த ஊர் நெல் எப்போது வருகிறது, மெஷின் கிடைக்காமல் யார் தவித்தார்கள் என்று எல்லாம் காதில் விழும்.

பெல்ட்டா, டயரா

வயலில் கால் புதையும் ஊர் என்றால் பெல்ட் வண்டிதான். டெல்டாக் களிமண்ணில் அறுப்பு நேரத்து மழைக்குப் பிறகு டயர் வண்டியை இறக்கினால் அதை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும். பெல்ட் வண்டி மூன்று, மூன்றரை டன் எடைதான். அந்த எடையும் அகலமான ரப்பர் பெல்ட்டில் பரவிவிடும். வெட்டும் அகலம் ஆறரை, ஏழு அடி. குபோட்டா, யன்மார், கிளாஸ் வண்டிகளை நம் பக்கம் அதிகம் பார்க்கலாம்.

டயர் வண்டி எட்டு டன் பக்கம் இருக்கும், வெட்டும் அகலம் பன்னிரண்டு முதல் பதினான்கு அடி. காய்ந்த, பெரிய வயல்களில் இதன் வேகத்துக்குப் பெல்ட் வண்டி நிற்க முடியாது. சாலையில் தானே ஓடிப் போகும், லாரி வேண்டாம். பயிரை வெட்டும் தலைப்பகுதியை மாற்றினால் மக்காச்சோளமும் அறுக்கும். பெரம்பலூர், சேலம் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மக்காச்சோளம் நிறைய இருக்கிறது. டயர் வண்டிகளில் பல பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து நாபா, பாத்சன் ஊர்களில் செய்யப்படுபவை (பிரீத், கர்தார் போன்றவை). எந்திர அமைப்பு எளிது, உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். பெல்ட் வண்டிக்கு அப்படி இல்லை. கம்பெனி சர்வீஸ் ஆளும் அசல் உதிரிபாகமும் வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பதை நான் இப்படித்தான் முடிவு செய்வேன்: நீங்கள் ஓட்டப்போகும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒரு கன்வேயர் செயின் அறுந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்குள் எந்தக் கம்பெனியின் செயின் கையில் கிடைக்கும்? அந்தக் கம்பெனி.

புதிதா, பழையதா

முதல் வண்டி பழையதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், அது மாற்றக்கூடிய பொருள். கதிரில் இருந்து நெல்லைப் பிரிக்கும் டிரம்மில் உள்ள பற்கள், அதன் கீழ் இருக்கும் கம்பி வலை, அடிப்பகுதி உருளைகள், பெல்ட்டின் உள்பக்கக் கட்டைகள் எல்லாம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். உண்மையான வயது அங்கே தெரியும். ரப்பர் பெல்ட் ஒரு ஜோடி மாற்றினால் ஒரு லட்சத்துக்கு மேல் போகும். அதைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஒரு மணி நேரம் வேலை செய்யவிட்டு, எண்ணெய் சூடான பிறகு மேட்டில் ஏற்றுங்கள். ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்திருந்தால் அப்போதுதான் இழுவை குறையும். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, புகை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வராமல் பணத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள்.

பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். புதிய பெல்ட் வண்டியை 28 லட்சம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். 7 லட்சம் கையில் இருந்து போட்டு, 21 லட்சம் கடன். 12 சதவீத வட்டி, நான்கு வருடம், அரையாண்டுத் தவணை என்றால் ஒரு தவணை 3 லட்சத்து 38 ஆயிரம் வரும். வருடத்துக்கு 6 லட்சத்து 76 ஆயிரம்.

இப்போது ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை 2,500 ரூபாய். டீசல் 9 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்றால் 830. டிரைவருக்கும் ஹெல்பருக்கும் சேர்த்து 300. புரோக்கருக்கு 150. உதிரிபாகம், ஆயில், பெல்ட் தேய்மானத்துக்கு ஒதுக்குவது 350. லாரி, சாப்பாடு, சில்லறைச் செலவைப் பரப்பிப் போட்டால் 120. மொத்தம் 1,750. கையில் நிற்பது 750 ரூபாய்.

6 லட்சத்து 76 ஆயிரத்தை 750ஆல் வகுத்துப் பாருங்கள். 900 மணி நேரம் ஓடினால்தான் தவணையே கட்ட முடியும். அதற்கு மேல் ஓடுவதுதான் உங்கள் சம்பளம். டெல்டாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? குறுவைக்கு 25 நாள், நாளைக்கு 8 மணி என்றால் 200. சம்பா, தாளடி சேர்த்து 45 நாள், நாளைக்கு 9 மணி என்றால் 400 சொச்சம். ஆக மொத்தம் 600. மழையே குறுக்கிடாமல், வண்டியும் பழுதாகாமல் ஓடினால் வரும் கணக்கு இது. தவணைக்கே 300 மணி குறைகிறது.

கடனைக் குறைத்தால் கதை மாறும். அதே நிபந்தனையில் 12 லட்சம்தான் கடன் என்றால் வருடத் தவணை 3 லட்சத்து 86 ஆயிரம். 515 மணியில் கட்டிவிடலாம். அதனால்தான் சொந்த ஊரோடு நிற்க நினைப்பவர் பழைய வண்டிக்குப் போவதும், வெளி மாநிலம் சுற்றத் தயாராக இருப்பவர் புதிய வண்டி எடுப்பதும் சரியாகப் படுகிறது. கடன் எடுக்கும்போது மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பிப்ரவரி கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விழும்படி தவணை கேளுங்கள். கையில் பணம் இருக்கும் மாதங்கள் அவை.

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், இயந்திரத்துக்கு ஏற்ற உச்சவரம்போடு. வாடகை மையம் வைப்பதற்குத் தனிப் பிரிவும் உண்டு. முக்கியமான ஒன்று: அனுமதி ஆணை வந்த பிறகுதான் வண்டி வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் மானியம் கிடையாது. மானியம் வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது இல்லாமலே கணக்கு நிற்க வேண்டும்.

வாடகை யார் முடிவு செய்வது

டெல்டா மாவட்டங்களில் சீசன் தொடங்கும் முன் ஆட்சியர் தலைமையில் விவசாயிகள், மெஷின் உரிமையாளர்கள், அதிகாரிகள் உட்கார்ந்து முத்தரப்புக் கூட்டம் நடத்தி மணி வாடகை நிர்ணயிப்பார்கள். அண்மை வருடங்களில் பெல்ட் வண்டிக்கு 2,500 ரூபாயை ஒட்டியும், டயர் வண்டிக்கு அதைவிட 600, 700 ரூபாய் குறைவாகவும் வந்திருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் சொந்த வண்டிகள் இதைவிடக் குறைந்த வாடகைக்கு ஓடும். ஆனால் அவை எண்ணிக்கையில் கொஞ்சம், வரிசையும் நீளம்.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் வாடகை ஏறும். 3,000, அதற்கும் மேலே கேட்பவர்கள் உண்டு. கேட்டால் கொடுக்கத்தான் செய்வார்கள், வேறு வழி இல்லை. ஆனால் அந்தக் கோபம் ஊரில் தங்கிவிடும். கலெக்டர் ஆபீசுக்குப் புகார் போகும். அடுத்த வருடம் அந்த ஊர்க்காரர் தலைவாசல்காரரைக் கூப்பிட்டுக்கொள்வார். சேறு அதிகம், பயிர் சாய்ந்துவிட்டது என்றால் மணிக் கணக்கிலேயே நேரம் கூடி உங்களுக்கு உரியது வந்துவிடும். மேலே தனியாக ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

டிரைவர், ஹெல்பர், புரோக்கர்

வண்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை டிரைவருக்குக் கொடுத்தாலே போதும், தொழில் ஓடும். நல்ல டிரைவர் வயலுக்குள் வண்டியை இறக்கும் முன்பே நடந்து பார்ப்பார். சத்தம் மாறினால் நிறுத்துவார். அப்படிப்பட்டவருக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் கூட்டிவர வேண்டும். அது இந்தத் தொழிலின் வழக்கம். அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேறு வண்டிக்குப் போகிறவர்களும் உண்டு. அதனால் மொத்தமாகக் கொடுக்காமல் பருவம் பருவமாகக் கொடுங்கள்.

மணிக்கு இவ்வளவு பேட்டா என்று வைத்தால் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டுகிறார் என்று விவசாயி சந்தேகப்படுவார். ஏக்கருக்கு இவ்வளவு என்று வைத்தால் வேகமாக ஓட்டி நெல்லைச் சிந்துவார். மணிக் கணக்கோடு, சீசன் முடிவில் பெரிய பழுது இல்லாமல் வந்தால் ஒரு தொகை என்று வைப்பது பரவாயில்லை. இரவு தூங்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு இரண்டும் பேட்டாவைவிடப் பெரிது. சரியாகத் தூங்காத டிரைவர்தான் வண்டியை வாய்க்காலில் இறக்குவார்.

வெளியூரில் புரோக்கர் இல்லாமல் வேலை நடக்காது. எந்த வயல் எப்போது பதத்துக்கு வரும், எந்த வழியாக வண்டி போகும், யார் பணம் தருவார், யார் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் வசூலை அவர் கையிலேயே சீசன் முடியும் வரை விட்டுவைக்கக் கூடாது. தினம் இரவு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பணத்தை அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் ஆள் இல்லாமல் விவசாயியே உங்களைத் தேடி வரவேண்டும் என்றால், உழவன் செயலியில் தனியார் அறுவடை இயந்திர உரிமையாளர்கள் பட்டியலில் பெயரும் எண்ணும் ஏறும்படி வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

மீட்டர் தகராறு

வயலில் நடக்கும் சண்டைகளில் பாதி ஹவர் மீட்டரால் வருவது. மீட்டரில் கடைசி எண் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். 2.4 என்று காட்டினால் 2 மணி 24 நிமிடம். விவசாயி அதை 2 மணி 40 நிமிடம் என்று படிப்பார். அல்லது தன் கைக்கடிகாரத்தில் 2 மணி 20 நிமிடம்தான் ஆனது, மீதி எங்கே என்பார். டிரைவரே சரியாகச் சொல்லத் தெரியாமல் நிற்பதும் உண்டு. பெருக்கிச் சொல்லப் பழக்குங்கள்: 2.4 × 2,500 = 6,000. அவ்வளவுதான்.

வண்டி வயலில் இறங்கும் முன் மீட்டரை விவசாயியைக் கூப்பிட்டுக் காட்டி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் இன்னொரு படம். பிறகு, இவற்றை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: வண்டி பழுதாகி நின்ற நேரம் கழித்துவிடப்படும்; நெல்லை ஏற்ற டிராக்டர் வராமல் வண்டியின் நெல் டேங்க் நிரம்பிக் காத்திருந்தால் இன்ஜின் ஓடும் நேரம் கணக்கில் வரும்; ஈரம் என்று சொல்லியும் இறக்கச் சொல்லி வண்டி சிக்கினால் இழுக்கும் செலவு வயல்காரருடையது. பேசாமல் விட்டால் மூன்றுமே சண்டை.

டெல்டாவில் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வார்கள். மூன்று மா ஒரு ஏக்கர். "ஒரு மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், நின்ற பயிருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று சொல்லலாம். ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில், மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில், திரும்புவதும் நெல் கொட்டுவதும் போக ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்பது நியாயமான கணக்கு. சாய்ந்து கிடக்கும் பயிருக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். சாய்ந்த திசைக்கு எதிராக மட்டும் அறுத்து, திரும்பும்போது சும்மா வர வேண்டியிருப்பதால் வரும் நேரம் அது. இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயலில் இறங்கிய பிறகு

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். வண்டி பேசும்போதே இதைச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். காலையில் பனி காய்ந்த பிறகே இறக்க வேண்டும். ஈர வைக்கோல் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல் வைக்கோலோடு வெளியே போகும்.

முதல் இரண்டு சுற்று ஓடியதும் நிறுத்தி டேங்கில் கையை விட்டுப் பாருங்கள். அரிசியாக உடைந்தோ உமி உரிந்தோ வந்தால் டிரம் வேகம் அதிகம். கதிர்த் துண்டில் நெல் ஒட்டியிருந்தால் வேகம் போதாது. வைக்கோல் துண்டும் பதரும் அதிகமாக இருந்தால் காற்றைக் கூட்ட வேண்டும். பின்னால் நல்ல நெல் பறந்தால் குறைக்க வேண்டும்.

சிந்துவதை அளக்க எளிய வழி உண்டு. வண்டி போன பாதையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, வைக்கோலை உதறிவிட்டு நெல்லை எண்ணுங்கள். சதுர மீட்டருக்கு 100 நெல் என்றால், நடுத்தர நெல்லுக்கு ஏக்கருக்கு சுமார் 9 கிலோ. வைக்கோல் விழும் வரிசையில் மட்டும் எண்ணினால் தப்பாக அதிகம் காட்டும், வெட்டிய அகலம் முழுக்க இரண்டு, மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். விவசாயி பக்கத்தில் நிற்கும்போதே இதைச் செய்யுங்கள். "மெஷின் நெல்லையெல்லாம் கொட்டிவிட்டது" என்ற பேச்சு ஊரில் கிளம்பாது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக் காலங்களில் மத்திய அரசு தளர்வு கொடுத்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். மெஷினில் அறுத்த நெல் இருபதுக்கு மேல் இருப்பது சகஜம், அதனால் காயவைக்க இடமும் தார்ப்பாயும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறக்குவது நல்லது. நூறு மூட்டையை அறுத்துச் சாலையில் கொட்டிவிட்டு, இரவில் மழை வந்தால் திட்டு உங்களுக்கும்தான் விழும். நெல் சுத்தமாக விழுந்தால் தூற்றும் கூலி மிச்சம். உங்கள் வண்டியைத் திரும்பக் கூப்பிட அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

விதை நெல் வயலானால் இறங்கும் முன் டேங்க், ஆகர் (நெல்லைத் தள்ளும் திருகுத் தண்டு), சல்லடை எல்லாவற்றையும் திறந்து முந்தின வயல் நெல்லைத் தட்டிவிட வேண்டும். அரை மணி நேரம் போகும். அதற்குத் தனியாகக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

விபத்து

இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே அடைப்பு எடுக்க வேண்டும். டிரைவர் மேலே உட்கார்ந்திருக்க, ஹெல்பர் கட்டர் பாரில் (முன்னால் பயிரை வெட்டும் கத்தி வரிசையில்) கை விடுவது என்பது எந்த அவசரத்திலும் கூடாது. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியை வயலை நடந்து பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நெல் கொட்டும் குழாயை உயர்த்தும்போதுதான் அது தட்டும். சைலன்சர் பக்கம் சேரும் வைக்கோல் தூசி தீப்பிடிக்கும், தினமும் தட்டிவிட வேண்டும். தீயணைப்பான் ஒன்று வண்டியில் இருக்கட்டும். லாரியில் ஏற்றும்போது பலகை நனைந்திருந்தால் காயும் வரை காத்திருங்கள். வண்டிக்குப் பின்னால் சிந்திய நெல் பொறுக்க வருபவர்களும் வைக்கோல் அள்ள வருபவர்களும் குனிந்தே இருப்பார்கள், பின்னோக்கி வரும் வண்டியைப் பார்க்க மாட்டார்கள். ஹெல்பரின் முதல் வேலை அவர்களைத் தள்ளி நிறுத்துவது.

பராமரிப்பு

தினமும் காலையில் ரேடியேட்டர் வலையையும் ஏர் ஃபில்டரையும் ஊதி, கிரீஸ் அடித்து, பெல்ட், செயின் இறுக்கம் பார்க்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பனி காயும் வரை எப்படியும் வேலை இல்லை, அந்த நேரம் இதற்குச் சரியாக இருக்கும். வண்டியோடு போகும் பெட்டியில் வெட்டும் கத்தி, ரிவிட், வி-பெல்ட் ஒவ்வொரு அளவிலும் ஒன்று, செயின் இணைப்பு, பேரிங், ஹைட்ராலிக் குழாய், டீசல் ஃபில்டர், இரும்புக் கயிறு இருக்க வேண்டும். சீசன் முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவி, உள்ளே ஒரு நெல்கூட இல்லாமல் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். நெல் கிடந்தால் எலி வரும், எலி வந்தால் ஒயரிங் போகும்.

காகிதம், வரி

விவசாயிக்கு அறுத்துக் கொடுக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பில்லில் போட வேண்டாம். ஆனால் வாடகை வருமானம் விவசாய வருமானம் ஆகாது. தொழில் வருமானம்தான், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தேய்மானம், வட்டி, டீசல் எல்லாம் கழித்துக்கொள்ளலாம், அதற்கு ரசீது வேண்டும். காப்பீடு எடுக்கும்போது லாரியில் போகும்போது நடக்கும் சேதமும் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாம் வருடம்

முதல் வருட நோட்டை எடுத்து ஊர்வாரியாக மணி, டீசல், வசூல், பாக்கி என்று பிரித்துப் பாருங்கள். சில ஊரில் மணி நிறைய ஓடியிருக்கும், பாக்கியும் நிறைய நிற்கும். அந்த ஊரை விட்டுவிடலாம். இரண்டாவது மெஷின் வாங்கும் ஆசை இப்போதுதான் வரும். அதற்கு முன் ஒரு வைக்கோல் கட்டும் மெஷினை யோசியுங்கள்; டிராக்டர் ஏற்கெனவே இருந்தால் முதலீடு அறுவடை மெஷினைவிட மிகக் குறைவு, நீங்கள் அறுத்த வயலிலேயே மறுநாள் வேலை இருக்கிறது, மாட்டுத் தீவனத்துக்கு வைக்கோல் கட்டு கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது அறுவடை வண்டி என்றால், முதல் வண்டி 900 மணியைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும், அதோடு நீங்கள் பக்கத்தில் இல்லாமலே வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவரத் தெரிந்த இன்னொரு டிரைவர் கிடைத்திருக்க வேண்டும். அதுவரை ஒரு தவணைக்கான பணத்தைக் கூடுதலாக வங்கியில் போட்டு வையுங்கள். அக்டோபரில் மழை முந்திக்கொண்டால் அதுதான் கட்டும்.